ஆள் இருக்கும் வீடெல்லாம் நல்ல வீடாகிவிடாது

திருப்பதியில் வாடகைக்கு விடுவதற்கென ஓர் அடுக்குமாடி வீடு வாங்க எண்ணிய பேராசிரியர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: “அங்கே வீடு காலியாகக் கிடக்குமா?” கிடக்காது என்றேன். விடை சரிதான், கேள்விதான் போதாது என்று பிறகு தோன்றியது.

1954இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983இல் வந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனைகள், தேவஸ்தான அலுவலகங்கள் எனத் திருப்பதிக்கு வீடு தேடி வருவோர் என்றும் குறைவதில்லை. அதனால் தண்ணீர் ஒழுங்காக வராத வீட்டுக்கும் ஆள் கிடைக்கிறார்; காற்றோட்டமில்லாத அறையிலும் மூன்று மாணவர்கள் தங்குகிறார்கள். வீடு நிறைந்திருப்பது தேவையின் நெருக்கடியைக் காட்டுமேயன்றி வீட்டின் தரத்தைக் காட்டாது. நெருக்கடி குறைந்த ஊரில் வாடகைதாரர் வேறு வீடு பார்த்துப் போய்விடுவார். உரிமையாளர் குறையைத் திருத்தியாக வேண்டும். திருப்பதியில் அந்தக் கட்டாயமே எழுவதில்லை.

கணக்கையும் பார்ப்போம். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மாத வாடகை 15,000 என்று கொள்வோம். ஆண்டுக்கு 1.8 லட்சம், அதாவது 3 விழுக்காடு. வீடு இரண்டு மாதம் காலியாக நின்று, வரி, பராமரிப்பு, பழுதுக்கு 30,000 செலவானால் மிஞ்சுவது 2 விழுக்காடு. இவ்வளவு மெல்லிய வருவாயை ஒரு மழைக்காலம் கரைத்துவிடும்.

2021 நவம்பரில் அதைக் கண்டோம். பெருமழையில் திருப்பதியின் தாழ்வான தெருக்கள் நீரில் மூழ்கின. ஊருக்கு வெளியே ராயலசெருவு கரையில் கசிவு ஏற்பட்டு, சுற்றியிருந்த சிற்றூர் மக்களை வெளியேற்ற நேர்ந்தது. திருமலைச் சரிவில் விழும் மழை அடிவாரத்துக்குத்தான் இறங்கி வரும். ஏரியும் வாய்க்காலும் மனையாகிவிட்ட இடத்தில் அது வீட்டுக்குள் புகும். தெருவின் பெயரிலோ பக்கத்துச் சிற்றூரின் பெயரிலோ ‘செருவு’, ‘குண்டா’ என்ற சொல் இருந்தால், தமிழில் ஏரி, குட்டை என்று அதைப் படித்துக்கொள்ள வேண்டும். வில்லங்கச் சான்று விற்பனையையும் அடமானத்தையும் சொல்லும்; வெள்ளத்தைச் சொல்லாது. பழைய வருவாய்த்துறை வரைபடமும், அந்தத் தெருவில் நெடுநாள் வாழ்ந்தவரின் நினைவும்தான் அதைச் சொல்லும்.

உரிமை பற்றிய ஐயமும் இங்கே அதிகம். கோயில், மடம், அரசு நிலங்கள் ஊருக்குள் பரவிக் கிடக்கின்றன. ஹாத்திராம்ஜி மட நிலங்களின் ஆக்கிரமிப்பு நெடுநாள் வழக்கு. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி தடை செய்யப்பட்ட நிலங்களின் பட்டியலைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது அறியாமை.

ஏர்ப்பேடு பக்கம் மனை விற்போர் 2015இல் வந்த ஐஐடியையும் ஐசரையும் காட்டி ஆசை மூட்டுவார்கள். இரண்டும் மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் நிறுவனங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சித்தூரிலோ, 2022 ஏப்ரல் 4 அன்று பழைய மாவட்டம் பிரிக்கப்பட்ட பின், மாவட்டத் தலைநகர் என்ற பெயரை மட்டும் நம்பி வாடகையைக் கணக்கிடுவது தவறு. அடுத்த பத்தாண்டில் அங்கே யார் குடிவருவார் என்று கேட்க வேண்டும்.

‘நல்ல பகுதி’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் யார் என்பதையே குறிக்கிறோம். சாதி கேட்டு, உணவு கேட்டு ஆளைத் தள்ளும் தெருவைத் தரமான தெரு என்று மதிப்பிடுவது ஆய்வறிஞர்க்கு அழகன்று. கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றுகிறதா, மழையில் சாக்கடை எதிர்த்து வருகிறதா, இரவு ஒன்பது மணிக்கு நூலகத்திலிருந்து ஒரு மாணவி தனியாக நடந்து வர முடிகிறதா என்பவையே தரத்தின் அளவுகோல்கள்.

நம்மில் சிலர் வீட்டு உரிமையாளர்கள். நம் மாணவர்கள் பலர் வாடகைதாரர்கள். ஆகவே பேராசிரியருக்கு இப்போது என் விடை இது: வாங்கும் முன் நவம்பரில் ஒரு நாள், மே மாதத்தில் ஒரு நாள் அந்தத் தெருவில் நின்று பாருங்கள். உங்கள் மகளை அங்கே குடிவைப்பீர்கள் என்றால் வாங்குங்கள்.