காமிரா கண்டது வக்கீல் கண்ணுக்கும் வர வேண்டும்

போலீஸார் நடத்தும் சோதனையைக் காமிராவில் பதிவு செய்வது 2024 ஜூலை 1 முதல் சட்டப்படி கட்டாயமாகிவிட்டது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவின்படி, சோதனை முழுவதும், கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திடுவது உட்பட, ஒலியோடு படமாக வேண்டும். அப்பதிவைத் தாமதமின்றி மாஜிஸ்டிரேட்டுக்கு அனுப்பவும் வேண்டும். பெங்களூரில் போக்குவரத்துப் போலீஸார் உடலில் காமிரா அணிந்தே பணியாற்றுகின்றனர். இவை வரவேற்கத்தக்க ஏற்பாடுகளே. ஆனால் படம் பிடிப்பதோடு நியாயம் கிடைத்துவிடுமா?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு மாண்டனர். அந்த நிலையத்தில் காமிரா இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றாடம் தாமே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை, விசாரிக்கச் சென்ற மாஜிஸ்டிரேட் ஐகோர்ட்டுக்குத் தெரிவித்தார். அதே ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி சுப்ரீம் கோர்ட், போலீஸ் நிலையப் பதிவுகளை 18 மாதங்கள் காக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காவிடில் ஓராண்டாவது காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

காத்து வைத்த பதிவு எதிர்த்தரப்பு வக்கீலின் கைக்கும் வர வேண்டும். அரசுத் தரப்பு நம்பியிருக்கும் வீடியோப் பதிவும் ஆவணமே. அதன் நகலைப் பெறக் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பொதுவாக உரிமை உண்டு என்று 2019-லேயே சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் கெடும் வழக்குகளில் மட்டும், நகல் தராமல் பார்வையிட அனுமதிக்கலாம்.

நகல் கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பதிவு எந்த நிமிடத்தில் ஆரம்பமாகிறது, பை அதற்கு முன்பே திறந்திருந்ததா, நடுவில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா என்றெல்லாம் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். வெளிமாநிலத்தில் பிழைக்க வந்த தமிழருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கன்னடத்திலோ மராத்தியிலோ படித்துக் காட்டிய பட்டியல் அவருக்குப் புரிந்ததா, "சரி, சார்" என்று அவர் சொன்னது எந்தக் கேள்விக்கு என்பதெல்லாம் தமிழறிந்தவர் கேட்டால்தான் விளங்கும்.

காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச வக்கீல் பெற 1987-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. அந்த வக்கீலுக்குப் பதிவைப் பார்க்க அவகாசமும், கருவியும், மொழிபெயர்ப்பாளரும் கொடுக்காவிட்டால் அவர் பெயருக்குத்தான் வக்கீலாக இருப்பார். மாநில அரசுகளும் சட்டப் பணிகள் ஆணையங்களும் இதற்கு உடனே ஏற்பாடு செய்ய வேண்டும்.

உறவினர் கைதானால், பதிவுகளை அழியாமல் காக்கும்படி வக்கீல் மூலம் மாஜிஸ்டிரேட்டிடம் எழுத்து மூலம் கேட்பதை நம்மவர்களும் தள்ளிப்போடலாகாது. அழிந்த பதிவை எந்தக் கோர்ட்டாலும் மீட்டுத் தர முடியாது.