அச்சுத்தாளில் மலர்ந்த ஓவியங்கள்

ஓவியம் என்ற சொல்லைக் கேட்ட அளவில், பொன்முலாம் பூசிய சட்டத்துள் அமைந்து காட்சிச்சாலைச் சுவரில் விளங்கும் பெரும்படமே பலருடைய மனக்கண்முன் தோன்றுகின்றது. வார இதழில், கதைக்கும் செய்திக்கும் இடையே அச்சாகி வரும் சிறு படத்தை ஓவியம் என்று மதிப்பவர் சிலரே. கதையின் முடிவை அறியும் விரைவில் அப்பக்கம் புரட்டப்படுகின்றது. சில நாளில் அத்தாள் கடுகும் மிளகும் மடிக்கும் பொட்டலமாகின்றது. வரைந்தவர் யார் என்று வினவுவாரும் இலர். கலையை விலையாலும் அளவாலும் எடைபோடும் இவ்வழக்கம் தவறானது. நல்ல படம் எத்தாளில் அச்சிடப்பெற்றிருப்பினும் நல்ல படமே. அதனைத் தேடிக் கண்டெடுப்பதும், கண்டதைப் பிறர்க்குக் காட்டுவதும், படம் வரைதலுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்க நற்றொண்டுகளாகும்.

இக்கருத்துக்குச் சிறந்த சான்றாக விளங்குவது ஆலந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான்கோவின் வாழ்க்கை. 1853இல் பிறந்து 1890இல் மறைந்த அவருடைய சூரியகாந்திப் படங்களை இன்று உலகம் அறியும். ஆனால், 1882ஆம் ஆண்டில் திஹேக் நகரில் அவர் வாழ்ந்த வாழ்வைப் பலர் அறியார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்பது. கையில் பொருள் இல்லை. தம்பி தியோ திங்கள்தோறும் அனுப்பிய பணமே அவருக்குச் சோறும் விளக்கும் வண்ணமும் ஆயிற்று. அந்நிலையிலும் அவர் ஒரு செல்வத்தைச் சேர்த்தார். அச்செல்வம் பழைய ஆங்கில வார இதழ்களில் வெளிவந்த மரச்செதுக்குப் படங்களே.

இவ்விருப்பம் அவருக்கு முன்னரே தோன்றியது. 1873 முதல் சில ஆண்டுகள் இலண்டன் மாநகரில் படக்கடை ஒன்றில் அவர் ஊழியம் செய்தார். அந்நாளில், ‘தி கிராபிக்’, ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ என்னும் இரு வார இதழ்களின் புதிய படங்களைக் காண்பதற்காக, அச்சகத்தார் அவற்றை வைத்திருந்த கண்ணாடிப் பலகணியின்முன் வாரந்தோறும் சென்று நிற்பார். பத்தாண்டு கழித்தும் அவற்றுள் சில தம் உள்ளத்தில் அழியாமல் நின்றன என்று நண்பர் ஒருவர்க்கு அவர் எழுதினார். காசு கொடுத்து வாங்க இயலாத இளைஞனுக்கு அப்பலகணியே பள்ளிக்கூடமாயிற்று.

அப்படங்கள் உருவான முறை அறியத்தக்கது. ஓவியர் முதலில் பாக்ஸ் என்னும் கடின மரத்தின் குறுக்கு வெட்டுப் பரப்பில் தம் படத்தை வரைவார். அம்மரம் பருமனாக வளர்வதன்று; ஆதலின் பெரிய படத்திற்குச் சிறு கட்டைகள் பலவற்றைத் திருகாணியால் இணைத்துப் பலகையாக்குவர். படம் விரைவில் வேண்டும் எனின், கட்டைகளைப் பிரித்துச் செதுக்குவோர் பலரிடம் கொடுப்பர். ஒருவர் முகத்தைச் செதுக்க, மற்றொருவர் வானத்தைச் செதுக்குவார். கோடு நிற்கவேண்டிய இடத்தை விட்டு எஞ்சியதைக் குடைந்தெடுத்தலே செதுக்குவோர் தொழில். செதுக்கி முடித்ததும் கட்டைகளை மீண்டும் இணைத்து, எழுத்து அச்சுக்களோடு சேர்த்துப் பொறியில் ஏற்றுவர். மரத்தின்மேல் நேரே வரைந்த மூலப்படம் உளியின்கீழ் அழிந்துபோகும். எஞ்சுவது அச்சுப்படம் ஒன்றே. ஓவியர் பெயரோடு செதுக்கியவர் பெயரும் படத்தின் அடியில் பொறிக்கப்பெற்ற வழக்கம், அக்காலத்தவரின் நேர்மையைக் காட்டுகின்றது. இந்நாளில் ஒருவர் படத்தை மற்றொருவர் எடுத்து வெளியிடும்போது பெயரை நீக்கிவிடுவதைக் காணுந்தோறும் அந்நேர்மையின் அருமை விளங்கும்.

‘தி கிராபிக்’ இதழைத் தொடங்கிய வில்லியம் லூசன் தாமஸ் என்பவரும் மரச்செதுக்குத் தொழில் கற்றவரே. 1869 டிசம்பரில் வெளிவந்த அதன் முதல் இதழிலேயே லூக் பில்ட்ஸ் என்னும் இளைஞர் வரைந்த படம் ஒன்று இடம்பெற்றது. குளிர்காலத்து இரவில், தங்க இடமும் உண்ண உணவும் இல்லாத ஏழைகள், இரவு விடுதிக்கு அனுமதிச் சீட்டுப் பெறுவதற்காகச் சுவரோரம் வரிசையாக நிற்கும் காட்சி அது. அப்படம் மில்லே என்னும் ஓவியர் கண்ணிற்பட்டது. அவர் அதனைத் தம்மளவில் வியந்து வாளா இருந்திலர். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸிடம் கொண்டு சென்று காட்டினார். தம் புதிய கதைக்குப் படம் வரைவாரைத் தேடிக்கொண்டிருந்த டிக்கன்ஸ் உடனே பில்ட்ஸை அழைத்துக்கொண்டார். ஒருவர் கண்டு மற்றொருவர்க்குக் காட்டிய செயல் ஓர் இளைஞரின் வாழ்வையே மாற்றிவிட்டது! அதே காட்சியைப் பில்ட்ஸ் பின்னர் வண்ண ஓவியமாக்கி 1874இல் இலண்டன் அரசுக் கலைக்கழகக் காட்சியில் வைத்தபொழுது, மக்கள் திரளைத் தடுக்கக் கம்பித் தடுப்பும் காவலரும் வேண்டியிருந்தன. ஹூபர்ட் ஹெர்க்கோமர் என்பார் முதிய படைவீரர்கள் கோயிலில் அமர்ந்து வழிபடும் காட்சியை 1871இல் அவ்விதழுக்கு வரைந்தார். அதுவும் 1875இல் பேரோவியமாக மலர்ந்து புகழ்பெற்றது. இதழ்ப்படம் தாழ்ந்தது, காட்சிச்சாலைப் படம் உயர்ந்தது என்போர் இவ்விரண்டையும் எண்ணிப் பார்ப்பாராக. விதையைத் தூற்றி மரத்தைப் போற்றுதல் எங்ஙனம் பொருந்தும்?

திஹேக் நகரத்து ஓவியருள் பலரும் அவ்வாறே எண்ணினர். காப்பிக்கடையில் பொழுதுபோக்காகப் புரட்டும் தாள்கள் என்ற அளவிலேயே அவற்றைக் கருதினர். வின்சென்ட் அக்கருத்துக்கு இணங்கவில்லை. பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி, தம் ஏழைமைக்கு எட்டிய விலையில் அத்தாள்களை வாங்கினார். 1883 ஜனவரியில், 1870 முதல் 1880 வரை வெளிவந்த ‘தி கிராபிக்’ இதழின் இருபத்தொரு தொகுதிகள் அவர் கைக்கு வந்தன. புதையல் பெற்றவர்போல் மகிழ்ந்த அவர், சிறந்த படங்களை வெட்டியெடுத்து, தடித்த தாள்களில் ஒட்டி, பொருள்வகையால் பிரித்து உறைகளில் அடுக்கினார். சுரங்கத் தொழிலாளர் ஒருபால், மீனவர் ஒருபால், அயர்லாந்து மக்கள் ஒருபால். சில உறைகள் தனித்தனி ஓவியர்க்கே உரியன.

கட்டமைந்த நூலைச் சிதைத்துப் படம் எடுத்தல் முறையா என்ற ஐயம் எழலாம். நூலைப் போற்றுவார்க்கு இச்செயல் உறுத்தவே செய்யும். பள்ளி நூலகத்தில் கத்தரிக்கோலுடன் நுழைவார்க்கு வின்சென்ட் துணை நில்லார் என்பதை முதலிற் சொல்லிவிடவேண்டும். அவர் பிரித்தவை தம் காசில் வாங்கியவை. பல்லாயிரம் படிகள் அச்சான இதழின் ஒரு படி. தொகுதிக்குள் பரந்து கிடந்தவற்றை வகைப்படுத்தி அருகருகே வைத்தபின்னரே, ஓவியர் ஒருவர் மழையை எவ்வாறு வரைந்தார், மற்றொருவர் முதுமையை எவ்வாறு வரைந்தார் என ஒப்பிட்டுக் கற்க அவருக்கு இயன்றது. சேர்த்தல் வேறு, குவித்தல் வேறு. பார்வையும் பகுப்பும் இன்றிக் குவிப்பவனிடம் ஆயிரம் படம் இருப்பினும் அவன் கண் வளர்வதில்லை.

இவ்வளவோடு நின்றிருப்பின் அச்செல்வம் குடத்திலிட்ட விளக்காகவே இருந்திருக்கும். ஆனால், வின்சென்டுக்கு அந்தோன் வான் ரப்பார்ட் என்னும் ஓவிய நண்பர் ஒருவர் இருந்தார். செல்வக்குடியிற் பிறந்த அவரும் அப்படங்களைச் சேர்ப்பவரே. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பெரும்பாலும் படங்களைப் பற்றியனவாகவே அமைந்தன. ஒரே படம் இரண்டு கிடைத்தால் ஒன்று நண்பருக்குச் செல்லும். அதனை வெறுமனே அனுப்பிவிடுவதும் இல்லை. வரைந்தவர் பெயர் இன்னது, எப்பகுதியைக் கூர்ந்து நோக்கவேண்டும், முன்பு கண்ட எப்படத்தோடு ஒப்பிடவேண்டும் என்பனவெல்லாம் எழுதப்பெறும். பகிர்தல் என்பது இதுவே. பெயரும் காரணமும் கூறாது கைமாற்றிவிடுதல், முகவரி இல்லாத கடிதத்தை அஞ்சற்பெட்டியில் இடுவது போன்றது.

பிறர் படங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் தன் வழியை இழப்பான் என்று சிலர் கூறுவர். அஞ்சத்தக்க தீங்கே அது. எனினும் வின்சென்ட் வாழ்வில் அது நிகழவில்லை. ‘தி கிராபிக்’ இதழில் வந்த மக்கள் முகங்கள் என்னும் வரிசையைக் கண்ட அவர், அவற்றைப் படியெடுத்து அமைந்திலர். திஹேக் நகரத்து முதியோர் இல்லத்து மனிதரை எதிரே இருத்தி, அவர் முகங்களைத் தாமே வரையத் தொடங்கினார். டிக்கன்ஸ் மறைந்த 1870ஆம் ஆண்டில், அவர் எழுதும் அறையையும் ஆளின்றி வறிதே நின்ற நாற்காலியையும் பில்ட்ஸ் வரைந்தார். அப்படம் வின்சென்டின் தொகுப்பில் இருந்தது. பதினெட்டு ஆண்டு கழித்து, ஆர்ல் நகரில் அவர் தம் நாற்காலியையும் நண்பர் கோகனின் நாற்காலியையும் வரைந்தபொழுது, அப்பழைய படத்தின் நினைவு உள்ளே நின்றது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். பார்த்தது நேரே வெளிப்படவில்லை. நெடுங்காலம் உள்ளே ஊறி, வைக்கோல் வேய்ந்த மஞ்சள் நாற்காலியாகப் புதுப்பிறப்பு எடுத்தது.

1882 நவம்பரில் நிகழ்ந்த ஒரு செய்தி மேற்கூறிய எல்லாவற்றினும் நெஞ்சைத் தொடுவது. வின்சென்ட் அப்பொழுது தம் படங்களைக் கல்லச்சில் பதிக்க முயன்றார். முதியவர் ஒருவரின் உருவம் கல்லில் ஏறியிருந்ததைக் கண்ட அச்சகத் தொழிலாளர், தம் அறைச் சுவரில் மாட்டிக்கொள்ள ஒரு படி கிடைக்குமா எனக் கேட்டனர். காட்சிச்சாலைக்குச் செல்ல அவர்க்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. கலை பற்றிய நூல் எதனையும் அவர் கற்றிலர். கையில் மை தோய்ந்த உழைப்பாளர் கேட்ட அவ்வொரு கேள்வி, வின்சென்டுக்கு வேறெப் புகழினும் பெரிதாயிற்று. உழைக்கும் மக்களைப் பற்றிய படங்களைப் பல ஓவியர் சேர்ந்து வரைந்து, எளியோரும் வாங்கத்தக்க விலையில் அச்சிட்டு வழங்கவேண்டும் என்று அவர் தியோவுக்குக் கடிதம் எழுதினார். பொருளும் துணையும் கிட்டாமையால் அத்திட்டம் நிறைவேறவில்லை. அதனைக் கனவென்று எள்ளுதல் எளிது. ஆயினும், படத்தைச் செல்வர் வீட்டுச் சுவரிலிருந்து தொழிலாளி வீட்டுச் சுவருக்குக் கொண்டுவர நினைத்த அக்கனவு, பிற்காலத்தில் விலைபோன அவருடைய எந்த ஓவியத்தினும் மதிப்பிற் குறைந்ததன்று.

பகிர்ந்து வளர்ந்த நட்பும் என்றும் நிலைக்கவில்லை. 1885இல் வின்சென்ட் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் படத்தின் கல்லச்சுப் படியைக் கண்ட ரப்பார்ட், அதனைக் கடுமையாகக் குறைகூறி எழுதினார். வின்சென்ட் அக்கடிதத்தைத் திருப்பியனுப்பினார். அவ்வாண்டிலேயே நட்பு முறிந்தது. பிறர் படங்களை ஒன்றாக வியந்த இருவர், தம்முள் ஒருவர் படத்தைப் பற்றி ஒத்துப்போக இயலாமற்போயினர்.

எனினும் காட்டும் வழக்கத்தை வின்சென்ட் கைவிடவில்லை. பாரிஸ் நகருக்குச் சென்றபின், பிங் என்பாருடைய கடையில் ஜப்பானிய மர அச்சுப்படங்களை நூற்றுக்கணக்கில் தேடி வாங்கினார். 1887இல் காப்பிக்கடை ஒன்றின் சுவர்களில் அவற்றைத் தொங்கவிட்டு, வருவோர் காணுமாறு ஒரு காட்சியே நடத்தினார். ஆலந்தில் எதனைக் காப்பிக்கடைச் சரக்கு என்று இகழ்ந்தார்களோ, அவ்வச்சுப்படத்தைக் காப்பிக்கடைச் சுவரிலேயே ஏற்றி மதிப்புத் தேடித்தந்தது நயமான செயலன்றோ! அக்காட்சி பெர்னார், ஆங்கெத்தேன் என்னும் இளம் ஓவியர் இருவர்மீதும் பெரிதும் செல்வாக்குச் செலுத்தியது எனப் பின்னர் அவரே எழுதியுள்ளார். அவரும் தியோவும் சேர்த்த ஜப்பானியப் படங்களுள் ஏறத்தாழ ஐந்நூறும், ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆங்கில, பிரெஞ்சு இதழ்ப்படங்களும், 1973இல் திறக்கப்பெற்ற ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில் இன்றும் காக்கப்படுகின்றன.

இறுதி ஆண்டாகிய 1890இல், பிரான்ஸின் தென்பகுதியில் மருத்துவ இல்லத்தில் தங்கியிருந்த வின்சென்டுக்குத் தியோ ஓர் அச்சுப்படம் அனுப்பினார். குஸ்தாவ் டோரே வரைந்து, 1872இல் இலண்டனைப் பற்றிய நூலில் வெளிவந்த படம் அது. உயர்ந்த மதில்களுக்கு நடுவே கைதிகள் வட்டமாக நடக்கின்றனர். வெளியே செல்ல இயலாதிருந்த வின்சென்ட் அக்கரும்படத்தை நீலமும் பச்சையுமாக வண்ண ஓவியமாக்கினார். அவ்வோவியம் இப்பொழுது மாஸ்கோ நகரத்துப் புஷ்கின் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன்முன் நிற்போர் வின்சென்டை அறிவர். டோரேயை அறிவாரும் உளர். மரக்கட்டையில் அப்படத்தைக் கோடு கோடாகச் செதுக்கியவர் பெயர் பிசான்.