பழைய முகவரிகளைத் திருப்பிக் கொடுங்கள்

ஓர் அலுவலகத்தின் இணையதளத்தைப் புதுப்பித்துக் கொடுத்த நிரலாளர் நண்பருக்கு,

எனக்கும் உங்கள் தொழில்தான், ஊர் திருவொற்றியூர். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

புதிய தளம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் பழைய லிங்க் எதைத் தட்டினாலும் முகப்புப் பக்கம்தான் வருகிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. இவை பற்றிய ஆவணங்களின் லிங்க்கைத்தான் எங்கள் பகுதி மக்கள் மனுக்களில் ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். மனுவைப் படிக்கும் அதிகாரி தட்டிப் பார்த்தால் வரவேற்புப் படம் வருகிறது. ஆதாரமில்லாமல் எழுதியவர்கள் என்ற பெயர் யாருக்கு?

கோளாறு ரூட்டிங்கில்தான். தளம் கட்டப் பயன்படும் ஜாங்கோவில் முகவரி விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். எதிலும் பொருந்தாத முகவரிக்கு 'பக்கம் இல்லை' என்ற 404 போக வேண்டும். உங்கள் தளமோ நான் வாய்க்கு வந்ததை அடித்தாலும் முகப்பைக் காட்டி, 'எல்லாம் சரி' என்ற 200ஐப் பதிலாகச் சொல்கிறது. கடைசி வரியில் எல்லாவற்றையும் விழுங்கும் விதி ஒன்றை வைத்திருக்கிறீர்கள் போலும். பக்கம் இல்லை என்று சொல்லவும் மனமில்லாத தளம் அது.

சென்னையில் கதவு எண் மாறியபோது, வாசலில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதினோம். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 செய்வதும் அதையேதான். நல்ல முகவரி மாறாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே எழுதிவிட்டார்.

நான் கேட்பது இவ்வளவுதான். பழைய முகவரிகள் சர்வர் பதிவுகளில் கிடைக்கும். ஒவ்வொன்றையும் அதன் புதிய இடத்துக்கு 301 கொடுத்து அனுப்புங்கள். நீக்கிய ஆவணம் என்றால் 410 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். தமிழ்த் தலைப்புள்ள முகவரிகளுக்கு ஜாங்கோ விதியில் 'ஸ்லக்' என்ற வகையை வைக்காதீர்கள். அது ஆங்கில எழுத்து, எண், ஹைபன், அடிக்கோடு தவிர வேறெதையும் ஏற்காது. 'எஸ்டிஆர்' வகையை வைத்தால் தமிழும் பொருந்தும்.

மனுக்கள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன. அடுத்த விசாரணைக்கு முன்னால் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
திருவொற்றியூர்வாசி ஒருவன்