கட்டாயம்னு சொல்லிட்டு 18% வரி எதுக்கு?



கும்மிடிப்பூண்டி சிப்காட்ல நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையில ஜிஎன்டி ரோட்டுக்கு வர்ற பைக்குகளைப் பார்த்திருக்கீங்களா? ஒரு பக்கம் ட்ரெய்லர், இன்னொரு பக்கம் கம்பெனி பஸ், நடுவுல தூக்கக் கலக்கத்தோட நம்ம பசங்க. அதுல எத்தனை வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்புல இருக்கு? நாடு முழுக்க ஓடும் வண்டிகளில் பாதிக்கும் மேல் இன்சூரன்ஸ் இல்லாதவை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே கவலைப்பட்டிருக்கிறது. "ஜனங்களுக்குப் பொறுப்பு இல்ல"ன்னு சொல்றது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏன்னு கேளுங்க.

பொன்னேரி பக்கம் எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர், சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை. 2019 தீபாவளிக்கு 125 சிசி பைக் எடுத்தார். ஷோரூம்லயே "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சு சார், கவலையே வேணாம்"னு பேப்பரைக் கையில குடுத்தாங்க. அவரும் கவலைப்படல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சு, வண்டி ரெண்டு நாள் தண்ணியில நின்னுச்சு. கிளைம் கேட்டுப் போனா, அஞ்சு வருஷம்ங்கறது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும்தான், சொந்த வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் ஒரே வருஷம், அது 2020-லயே முடிஞ்சுபோச்சுன்னு பதில். இன்ஜின் வேலையைக் கைக்காசு போட்டுத்தான் பார்த்தார். அதோட விட்டுச்சா? 2024 தீபாவளியோட தேர்ட் பார்ட்டியும் முடிஞ்சிருக்கு. அது அவருக்கே தெரியாது. 2025-ல வண்டி செக்கிங்ல நிறுத்தினப்போதான் தெரிஞ்சுது. 2,000 ரூபாய் அபராதம்.

இதில் அவர் செய்த தப்பு என்ன? பேப்பரைப் படிக்கல, அது உண்மை. சரி, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பாலிசியை நீங்க கடைசியா எப்போ முழுசா படிச்சீங்க? நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சவன். நானே போன மாசம்தான் என் பாலிசியை உட்கார்ந்து படிச்சேன்.

இந்த அஞ்சு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது? கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடர்ந்த வழக்கில், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. அந்த செப்டம்பர் 1 முதல் புது கார்னா மூன்று வருஷம், புது பைக்னா ஐந்து வருஷம் தேர்ட் பார்ட்டி கட்டாயம். நோக்கம் நல்ல நோக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியதும் சரிதான். கவரைப்பேட்டையில் ரோட்டைக் கடக்கும் ஒரு அம்மாவை வண்டி இடிச்சிட்டா, இழப்பீடு தர வண்டிக்காரர் கையில் காசு இருக்காது. பாலிசி இருந்தா கம்பெனி கொடுத்தாகணும்.

நீதிமன்றத்துக்கும் இந்தக் குழப்பம் தெரியாம இல்ல. ஈரோடு விபத்து வழக்கு ஒண்ணு. காரில் போனவர் இறந்துட்டார். பாலிசியோ மூன்றாம் நபருக்கு மட்டுமானது, காரில் இருந்தவருக்குச் செல்லாதுன்னு இழப்பீடே ரத்தாச்சு. அந்தத் தீர்ப்பில்தான் 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புது வண்டிகளுக்கு ஐந்து வருஷம் 'பம்பர் டு பம்பர்' பாலிசி கட்டாயம்னு சொன்னது. நடைமுறைக்கு ஒத்துவராதுன்னு செப்டம்பரிலேயே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. குழப்பம் அப்படியேதான் இருக்கு.

இப்போ காசு விஷயத்துக்கு வருவோம். ஓன் டேமேஜ் பிரீமியத்தை கம்பெனிகள் தாங்களே முடிவு பண்ணலாம். தேர்ட் பார்ட்டி விலை அப்படி இல்லை. அதை ஒன்றிய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி, 75-லிருந்து 150 சிசி வரையான பைக்குக்கு வருஷம் 714 ரூபாய். புது பைக்குக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து 3,851. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. வரி மட்டும் 693 ரூபாய். 1000-லிருந்து 1500 சிசி வரையான காருக்கு மூன்று வருஷம் 10,640 ரூபாய், அதில் வரி 1,915.

வாங்கியே ஆகணும்னு சொல்றது அரசு. விலை வைக்கிறது அரசு. வாங்கலைன்னா அபராதம் போடுறதும் அரசு. இதுக்கு மேல வரியுமா?

2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி பூஜ்யம் ஆச்சு. வரவேற்கிறோம். அதே நாளில் சரக்கு வாகனங்களின் தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கு 12%-லிருந்து 5% ஆச்சு. அதையும் வரவேற்கிறோம், நம்ம ஊர் லாரிக்காரங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனா அந்த லாரிக்குப் பக்கத்துல 125 சிசியில் போற தொழிலாளிக்கு? அதே 18%. கோடிக்கணக்கில் போட்டு ஓட்டும் லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிக்கு 5%, சம்பளத்துக்கு வேலைக்குப் போறவனுக்கு 18%. இது என்ன நியாயம்?

"வரியை முழுசா எடுத்துட்டா கம்பெனிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது, அந்தச் செலவு வேற வழியில நம்ம தலையிலதான் விழும்"னு விவரம் தெரிஞ்சவங்க சொல்வாங்க. நியாயமான வாதம்தான். அதனாலதான் பூஜ்யம் கேட்கல. லாரிக்குக் கொடுத்த மாதிரியே, உள்ளீட்டு வரி வரவோட 5%. ஜிஎஸ்டி கவுன்சில் ஏற்கெனவே எழுதி வெச்ச வரிதான், அதுல பைக்கையும் சின்ன காரையும் சேர்த்தா போதும். கூடவே பாலிசியோட முதல் பக்கத்துல, தமிழில், பெரிய எழுத்துல ரெண்டு தேதி: ஓன் டேமேஜ் எப்போ முடியுது, தேர்ட் பார்ட்டி எப்போ முடியுது. இதுக்கு ஐஆர்டிஏஐ ஒரு சுற்றறிக்கை விட்டா போதும்.

அது வர்ற வரைக்கும் ஒரு வேலை செய்யுங்க. எம்பரிவாஹன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்க. 2018 செப்டம்பருக்கு அப்புறம் பைக் எடுத்தவங்க கட்டாயம் பாருங்க, நிறைய பேருக்கு அஞ்சு வருஷம் முடிஞ்சிருக்கும். கிளைம் மறுக்கப்பட்டா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் கொடுங்க; அதையும் மறுத்தாலோ, 30 நாளாகியும் பதில் வரலைன்னாலோ, சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதுங்க. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மனு எழுதத் தெரியலைன்னா இன்பாக்ஸுக்கு வாங்க, நாங்க உட்கார்ந்து எழுதித் தர்றோம்.

#பைக்குக்கும்_5_சதவீதம்
#கட்டாயக்_காப்பீட்டுக்கு_வரி_எதுக்கு