நெஞ்சுவலியும் நம் அலட்சியமும்

காஞ்சிபுரத்தில் நாள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்து பட்டு நெய்பவர், நெஞ்சு வலித்தால் "தறி மிதித்த களைப்பு" என்பார். விருந்துண்ட இரவில் நமக்கு வலித்தால் "வாயுப்பிடிப்பு" என்று இஞ்சிச்சாறு அருந்திப் படுத்துவிடுகிறோம். விடியட்டும் என்று காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் பல உயிர்கள் பறிபோகின்றன.

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களில் கொழுப்பு படிந்து, அவை ஆண்டுக்கணக்கில் குறுகுகின்றன. அப்படிவு வெடித்து, அதன்மீது இரத்தம் உறைந்தால் நாளம் அடைபடுகிறது. அதுவே மாரடைப்பு.

அடைப்புக்குச் சிகிச்சை இருவகை. காலிலுள்ள இரத்தக் குழாயையோ மார்பின் உட்புறத் தமனியையோ கொண்டு, அடைப்பைத் தாண்டி மாற்றுவழி அமைப்பது பைபாஸ். நம் நாட்டில் 1975-இல் இதனை முதன்முதலாக வெற்றியுடன் செய்தவர் டாக்டர் கே.எம். செரியன், இடம், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை. மற்றொன்று, 1977-இல் சூரிச் நகரில் டாக்டர் குரூன்ட்சிக் தொடங்கிவைத்த ஆஞ்சியோபிளாஸ்டி. மார்பைத் திறக்காமல், மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை விரித்து வழி உண்டாக்குவர். நாளம் மீண்டும் சுருங்காதிருக்க, ஸ்டென்ட் எனும் வலைக்குழலை அங்கே பொருத்துவர்.

மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை மடிகிறது. காஞ்சியிலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர். 2 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய இயலாதெனில், தக்க நோயாளிக்கு உறைவைக் கரைக்கும் ஊசியை முதலில் செலுத்துவதே மருத்துவ முறை. ஆகவே, பெரிய மருத்துவமனைக்கென்று கார் தேடி நேரத்தை இழக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்; அருகிலுள்ள மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுக்கச் செய்யுங்கள். செலவை எண்ணித் தயங்கவும் வேண்டாம். தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இச்சிகிச்சைகளுக்குக் கைகொடுக்கிறது.

சிகிச்சையோடு நோய் தீர்ந்துவிட்டதென எண்ணுவதும் தவறு. ஸ்டென்ட் பொருத்தியவர் இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால், ஸ்டென்டினுள்ளேயே இரத்தம் உறைந்து உயிருக்கு ஆபத்தாகலாம். ரமளான் மாதத்தில் நம்மவர் சிலர் செய்யும் பிழை இது. நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, மாத்திரை நேரத்தைக் கேட்டறியுங்கள். நோற்க வேண்டாமென்று அவர் கூறினால் மனம் வருந்தாதீர்கள். நோயாளிக்கு அச்சலுகையை அளித்தவன் இறைவனே அன்றோ!

உயிர் அவன் தந்த அமானிதம். அதனைப் பேணுவது நம் கடமை.