அண்டார்க்டிக் தீபகற்பக் கடலில் கிரில் பிடிப்பும் கடற்பறவைகளும்: நிலைப்பாட்டு அறிக்கை

பரந்த கடல் முழுமைக்கும் ஒரே உச்ச அளவை விதித்து, அதற்குள் எந்த இடத்திலும் எந்த மாதத்திலும் கிரில் பிடிக்க விடுவது அண்டார்க்டிக் தீபகற்பத்தின் கடற்பறவைகளைக் காக்காது என்பதும், அவை குஞ்சு வளர்க்கும் காலத்தில் கூடுகளுக்கு அருகிலுள்ள நீர்ப்பரப்பில் கிரில் பிடிப்பு அறவே நிறுத்தப்பட வேண்டும் என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடு.

கிரில் என்பது கூனி இறாலை ஒத்த, ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வரை வளரும், பெருந்திரளாக வாழும் கடலுயிர். அதன் இளம் பருவத்துக்குக் குளிர்கால உணவாவது கடற்பனியின் அடிப்புறத்தில் படரும் நுண்பாசி. ஆகவே பனி குறையும் இடத்தில் கிரிலின் பெருக்கமும் தளர்கிறது. அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ ஆகிய மூவகைப் பென்குயின்களும், சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய வில்சன் பெட்ரலும் தீபகற்பத்தில் இதனை உண்டே குஞ்சு வளர்க்கின்றன.

கூடு கட்டிய பறவை இடத்தால் கட்டுண்டது. குளிர்காலத்தில் வடக்கே இந்தியப் பெருங்கடல் வரை பறந்து வரும் வில்சன் பெட்ரல்கூடக் கோடையில் தன் பாறைப் பொந்துக்கே மீண்டும் மீண்டும் திரும்பியாக வேண்டும். பறக்க இயலாத பென்குயினின் நிலையோ இன்னும் நெருக்கடியானது. குஞ்சு சிறிதாக இருக்கும் வாரங்களில் பெற்றோரில் ஒன்று கூட்டில் காவலிருக்க, மற்றொன்று நீந்திச் சென்று இரை கொணர வேண்டியிருப்பதால், அருகிலுள்ள கடலில் கிரில் குறைந்தால் இரைதேடும் பயணம் நீள்கிறது, குஞ்சு பசித்திருக்கிறது. தொலைவில் எவ்வளவு கிரில் இருந்தாலும் அந்தக் குஞ்சுக்கு அது இல்லாததே.

தென் அட்லாண்டிக் பகுதியில் 6 கோடி டன்னுக்கும் மேல் கிரில் இருப்பதாக 2019ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. ஆண்டுக்கு 6,20,000 டன் என்னும் உச்ச அளவு அதில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே என்று கப்பல் நிறுவனங்கள் சொல்வது கணக்கில் சரி. ஆனால் கப்பல்கள் அந்தப் பரப்பில் சமமாகப் பரவி வலையிடுவதில்லை, திரள் அடர்ந்த இடங்களையே நாடுகின்றன, பறவைகள் நாடுவதும் அவற்றையே. இதனை உணர்ந்துதான், 1982இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரிலிருந்து செயல்படும் அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம், 2009இல் அந்த அளவை நான்கு உட்பகுதிகளுக்கிடையே பகிர்ந்து, தீபகற்பப் பகுதிக்கு 1,55,000 டன் என வரம்பிட்டது. உறுப்பு நாடுகள் அனைத்தும் இசைந்தாலன்றி ஆணையத்தில் எதுவும் முடிவாகாது. 2024இல் இசைவு எட்டப்படாமல் அப்பகிர்வு காலாவதியானது. அடுத்த பருவத்திலேயே உச்ச அளவு முழுவதும் முதன்முறையாக எட்டப்பட்டு, பருவம் முடியுமுன் பிடிப்பு மூடப்பட்டது. சில நிறுவனங்கள் 2018 முதல் பென்குயின் குடியிருப்புகளைத் தாமாகவே தவிர்த்து வருவது பாராட்டுக்குரியது. எனினும் விரும்பினால் கைவிடக்கூடிய உறுதிமொழி சட்டத்துக்கு ஈடாகாது.

ஆகவே உட்பகுதி வரம்புகள் சட்ட வலுவுடன் நிலைபெற வேண்டும். தீபகற்பத்தைச் சூழ்ந்து கடற்பாதுகாப்புப் பகுதி அமைய வேண்டும். பனி சுருங்கிய ஆண்டுகளில் வரம்பு தானாகக் குறையும் விதியும் வேண்டும். ஆணையத்தின் உறுப்பு நாடுகளில் ஒன்றான இந்தியா இக்கோரிக்கைகளை ஹோபார்ட் கூட்டங்களில் முன்னின்று வலியுறுத்த வேண்டும் என்றும், கிரில் எண்ணெய் மாத்திரைகளை வாங்குவோர் அந்தக் கிரில் எங்கே, எந்த மாதத்தில் பிடிக்கப்பட்டது என்று விற்பனையாளரைக் கேட்க வேண்டும் என்றும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.