முதலில் உயிர், பிறகு பில்

விடியலில் பால் வெட்டப் போகும் தொழிலாளியைப் பாம்பு தீண்டினால், பக்கத்திலுள்ள தனியார் ஆஸ்பத்திரி முதலில் பார்க்க வேண்டியது கடிவாயையா, அவர் பணப்பையையா? உயிர்காக்கும் அவசர சிகிச்சையை எவருக்கும் அளிக்க எந்நேரமும் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்கிறது 1998ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவச் சேவைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு. கிளேபாங் வட்டாரக் கிராணிமார் இதை ஆபீஸ் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

பில் பிறகு வரத்தான் செய்யும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோ வயதையும் பழைய நோயையும் பார்த்துப் பிரிமியம் கேட்கின்றன. உயர்வைக் குறைந்தது மூன்றாண்டுக்குப் பரப்பும்படி 2024 டிசம்பரில் பேங்க் நெகாராவே தலையிட நேர்ந்தது. அந்தப் பாலிசிதான் நம் லயங்களில் எத்தனை பேரிடம் உண்டு?

நமக்குள்ள காப்பு, 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 1971இல் அமைந்த சொக்சோ. அதன் சந்தா சம்பளத்தைப் பொறுத்தது. பழைய நோயைப் பார்த்துக் கூடுவதில்லை. வேலையில் பட்ட காயத்துக்கும், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் சிகிச்சை உண்டு. 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டியவர் முதலாளி.

கோளாறு இங்கேதான். “சின்னக் காயம்” என்று டிரஸர் கட்டுப்போட்டு அனுப்புகிறார். புத்தகத்தில் ஒரு வரியும் ஏறுவதில்லை. கால் வீங்கிய பிறகு சாட்சிக்கு ஆள் தேடுகிறோம்.

தோழர்களே, காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு நேரம், இடம், சாட்சி மூன்றையும் அன்றே எழுதச் செய்யுங்கள். எழுத மறுக்கும் நிர்வாகம் எது என்பதைச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.